அவள் தேர்ந்தெடுத்த கீசர்

எங்கள் வீட்டு வெந்நீரில் எப்போதும் சீமெண்ணெய் வாசம் கொஞ்சம் கலந்திருக்கும். குளியலறைக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து. அங்கே தரையில் ஒரு திரி ஸ்டவ், அதன் மேல் பதினைந்து லிட்டர் பிடிக்கும் அலுமினியக் குண்டான். ஸ்டவ்வுக்குப் பின்னால் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் போயிருக்கும். உத்தமபாளையத்தில் என் அப்பா கட்டிய வீடு அது. சுவர் ஒன்றரை அடி கனம். மேலே மர உத்திரம் போட்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இறுக்கிய பழைய மட்டப்பா. வெயிலில் குளுகுளுவென்று இருக்கும், மார்கழியில் தரை பனிக்கட்டி மாதிரி கிடக்கும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்தவள் என் மனைவி. நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். ரேஷனில் சீமெண்ணெய் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் எங்கள் கார்டுக்கு இல்லை என்றாகிவிட்டது. பிறகு எங்கெங்கோ சொல்லி வைத்து வாங்கினோம். காலையில் கேஸ் அடுப்பின் இரண்டு பக்கமும் சமையலுக்கே சரியாக இருக்கும் என்பதால் வெந்நீருக்கு ஸ்டவ்தான் என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாது. ஊசியில் நூல் கோக்க பத்து மணி ஆகும். தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். முடக்குவாதம் என்றார். மாத்திரை எழுதினார். "காலையில எந்திரிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிசம் கைய வச்சிருங்க. பச்சத் தண்ணியில கை வைக்காதீங்க" என்றார். நானும் கூட உட்கார்ந்து தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்ததோடு என் கடமை முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலும் அவள்தான் பச்சைத் தண்ணீரில் அரிசி களைந்தாள். அவள்தான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, குண்டானைத் தூக்கி வாளியில் ஊற்றினாள். அதை நான் பார்த்துக்கொண்டேதான் பேப்பர் படித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன மார்கழியில் ஒரு நாள் குண்டான் கைநழுவிவிட்டது. பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சந்து முழுக்க ஆவி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறாள். இடது பாதம் சிவந்து கிடக்கிறது. அவள் சொன்ன முதல் வார்த்தை, "உங்களுக்குக் குளிக்கத் தண்ணி போச்சுங்க."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பாதத்துக்கு மருந்து போட்டுக் கட்டிக் கூட்டி வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் தேனிக்குப் போய், ஒரு கடையில் சோலார் வாட்டர் ஹீட்டரைப் பார்த்தேன். இருநூறு லிட்டர். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், மேலே பளபளவென்று ஒரு தொட்டி. கடைக்காரர் மரியாதையான ஆள். "வெயிலுக்கா சார் நம்ம பக்கம் பஞ்சம்?" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெரியதாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டால், மூன்று வருஷம் தலையாட்டிக்கொண்டு இருந்ததற்கு ஈடாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. புதன்கிழமை ஆட்களை அனுப்பச் சொல்லிவிட்டு, ஏதோ சாதித்தவன் மாதிரி பஸ் ஏறினேன்.

புதன்கிழமை வேனில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அவள் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வந்தவர்களில் மூத்தவரிடம் கேட்டாள்.

"தம்பி, தண்ணி ரொம்புனா இது எம்புட்டு கனம் வரும்?"

"ஸ்டாண்டோட சேத்து முன்னூறு கிலோவ நெருங்கும்க்கா."

"அத எங்கன நிறுத்துவீக?"

"மாடியில, வெயில் படுற பக்கமா."

அவள் நொண்டி நொண்டி எழுந்து அவரை நடு அறைக்குக் கூட்டிப் போனாள். மேலே கையைக் காட்டினாள். உத்திரத்தை ஒட்டி மட்டப்பாவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அதற்குக் கீழேதான் நாங்கள் கட்டில் போட்டுப் படுக்கிறோம். அந்த விரிசலை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அவர் அண்ணாந்து பார்த்தார். மாடிக்குப் போய்க் காலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "அக்கா சொல்றது சரிதான் சார். இது கான்கிரீட்டு இல்ல. தனியா தூண் எழுப்பித்தான் வைக்கணும். இப்படியே ஏத்துனா எனக்கே பயமா இருக்கு" என்றார். அவள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். கடைக்காரரிடம் அவளே போனில் பேசி, அவர் மனம் கோணாதபடி வேண்டாம் என்று சொன்னாள். வேன் போய்விட்டது.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஒனக்காகத்தானே செஞ்சேன்" என்றேன்.

"தெரியும்ங்க. ஒங்க மேல கோவமே இல்ல. ஆனா சுடுதண்ணி எதுக்கு வேணும், எப்ப வேணும்னு என்னைய ஒரு வார்த்த கேக்கலையே நீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அடுத்த பத்து நாட்கள் அவள் செய்ததை நான் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் நினைத்துப் பார்க்கிறேன். ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். முதலில் எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு வெந்நீர் செலவாகிறது என்று பார்த்தாள். நல்ல சூட்டில் தண்ணீர் அரை வாளி, பச்சைத் தண்ணீர் அரை வாளி கலந்தால் ஓர் ஆளுக்குக் குளியல் முடிந்தது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், பண்டிகைக்குத்தான் வருவான். ஆக, பதினைந்து லிட்டர் நன்றாகச் சூடானால் காலைப் பொழுதுக்குத் தாராளம். "இருநூறு லிட்டர் வச்சு என்னங்க செய்யப் போறோம், கலியாண மண்டபமா நடத்துறோம்?" என்றாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம். அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்ததும் சூடாக வருகிற இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்து இவள் அங்கே போனாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "கீசரு மாட்டுறவுக சாயங்காலம் வந்து மாட்டிட்டுப் போயிட்டாக. சாயங்காலம் நல்லாத்தான் வருதாம். காலையில வோல்டேஜு கெடயாது. கைய வச்சுப் பாத்தேன், ஒடம்புச் சூடுதான் இருக்கு. கொஞ்சம் சூடா வேணும்னா நூல் மாதிரி தெறக்கணும்." நோட்டில் அதன் மேல் ஒரு கோடு விழுந்தது.

கேஸ் கீசர் பற்றி நான் எடுத்தேன். பேச்சை முடிக்கவே விடவில்லை. சின்னமனூரில் அவள் தங்கை வீட்டில், மூடிய குளியலறைக்குள் அதை ஓடவிட்டுக் குளித்த பிள்ளை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாம். கதவைத் தள்ளித் திறந்து வெளியே கூட்டி வந்திருக்கிறார்கள். "நம்ம பாத்ரூமுல இருக்குறது முழம் அகலத்துல ஒரு சன்னலு. அதுவும் சந்துக்குள்ள தெறக்குது. அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள். சோலாரையும் அவள் வெறும் கனத்துக்காக மட்டும் தள்ளவில்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் எத்தனை நாள் மேகம் மூடிக் கிடக்கிறது என்று யோசித்திருக்கிறாள். அவள் கை அதிகம் மரத்துப் போவதும் அந்த மாதங்களில்தான்.

ஒரு நாள் சாயங்காலம் நான் வந்தபோது அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. சமையல் இல்லை, வெறும் தண்ணீர். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், நகராட்சிக் குழாயில் வருவது. இன்னொன்றில் எங்கள் போர் தண்ணீர். இரண்டும் வற்றும்வரை விட்டாள். ஆற்றுத் தண்ணீர் பாத்திரம் லேசாக மங்கியிருந்தது. போர் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினாள். "எந்த மிசின வாங்குனாலும் உள்ள இதுதாங்க ஒட்டும். ஒரு வருசத்துல தண்ணியச் சூடாக்குற கம்பி போயிரும்."

கல்லூரியில் நான் எத்தனையோ பேருடைய அறிக்கைகளைக் கோப்பில் கட்டியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது வேறு. வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீரைத் தேக்கி வைத்து மெதுவாகச் சூடாக்குகிற பதினைந்து லிட்டர் தொட்டி கீசர்தான் என்று முடிவானதும், குளியலறையில் எந்த மூலையில் மாட்டலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவான சுவரைத் தட்டினாள்.

"இங்கன மாட்டணும். ஒரு குழாய் இந்தப் பக்கம், ஒரு குழாய் அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் எதுக்கு? அங்க சிங்க்குல்ல இருக்கு?"

"குளிக்கிறது ஒரு தடவங்க. நான் தண்ணியில கைய வைக்கிறது நாளைக்கு இருவது தடவ. அரிசி களையுறது, காய் கழுவுறது, ஏனம் வெளக்குறது எல்லாம் பச்சத் தண்ணிலதானே?"

பச்சைத் தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கும்தான் கேட்டது. வெந்நீர் என்றதும் என் மனதில் வந்தது குளியல் வாளி மட்டுமே. மூன்று வருஷமாக அவள் விரல்கள் அந்த சிங்க்கில் என்ன பாடுபட்டிருக்கும் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டு வேலை அவருடையது. அதிகம் பேசமாட்டார். கீசரைப் பிரிப்பதற்கு முன்னால், இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பல்பை எடுத்து, பிளக் பாயின்ட்டில் கரண்டு வருகிற துளையில் ஒரு வயரையும் மூன்றாவது துளையில் இன்னொன்றையும் சொருகிப் பார்த்தார். பல்பு எரியவில்லை. வேறொரு பாயின்ட்டில் பார்த்தார். அங்கேயும் எரியவில்லை.

"சார், இந்த வீட்டுல எர்த்தே இல்ல, கசியுற கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியே இல்ல. மூணு துளை வச்ச பிளக்கு இருக்கு. மூணாவது துளைக்குப் பின்னாடி ஒன்னும் கெடயாது."

"இத்தன வருசம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?" என்றேன்.

"ஃபேனு, லைட்டு ஓடும். இது தண்ணிக்குள்ள கரண்டு சார். உள்ள லீக்கானா, குழாயத் தொட்டவுக மேலதான் பாயும். எர்த் போடாம நான் மாட்ட மாட்டேன். அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. "வேற ஆளு வேண்டாம் தம்பி. நீங்களே குழி தோண்டுங்க" என்றாள். அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஒரு மனிதர் சொன்ன 'மாட்ட மாட்டேன்' என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கொல்லையில் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து ஆளுயரத்துக்கு மேல் குழி தோண்டினார்கள். இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். அங்கிருந்து தனிக் கம்பி இழுத்து வந்தார். பிறகு அதே பல்பை மறுபடி சொருகினார். பளிச்சென்று எரிந்தது. அவர் சிரித்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகு மெயின் போர்டில், கரண்டு கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்ச் ஒன்றும் வைத்தார்.

சுவரில் துளை போடுவது அடுத்த பாடு. ஒன்றரை அடிச் சுவருக்கு அவரிடம் இருந்த டிரில் எட்டவில்லை. இரண்டு பக்கமிருந்தும் போட்டு நடுவில் சேர்க்க வேண்டும். "ரெண்டும் சேராம போச்சுன்னா செவுத்தக் கொத்தணுமே" என்று தயங்கினார். அவள் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்தாள். குளியலறைத் தரை சமையலறையைவிட நாலு அங்குலம் பள்ளம். அதைக் கழித்து உயரம் அளந்தாள். இரண்டு அறைக்கும் பொதுவான வாசல் நிலையிலிருந்து இரண்டு பக்கமும் அகலம் அளந்தாள். தையல் சாக்குக்கட்டியால் இந்தப் பக்கம் ஒரு பெருக்கல் குறி, அந்தப் பக்கம் ஒரு பெருக்கல் குறி. விரல் சரியாக மடங்காததால் சாக்குக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் போட்டாள்.

அவர் இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் போனார். நான் குளியலறையில் துளைக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். செங்கல் தூளாகக் கொட்டியது. சத்தம் திடீரென்று மாறியது. டிரில் நின்றது. அவர் வெளியே இழுத்ததும், அந்த இருட்டுத் துளைக்குள் சமையலறை வெளிச்சம் ஒரு காசு அளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. "சேந்துருச்சு! அக்கா, சேந்துருச்சு!" என்று அந்தப் பக்கமிருந்து அவர் கத்தினார். நானும் இங்கே கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

போர் தண்ணீரையும் அவள் விடவில்லை. மட்டப்பாவில் சுவர் இரண்டு சேருகிற மூலையில், கனம் நேராகச் சுவரில் இறங்குகிற இடத்தில், நூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, கீசருக்கு மட்டும் ஆற்றுத் தண்ணீர் போகிற மாதிரி தனிக் குழாய் போட்டோம். அந்த மூலை தாங்கும் என்று எலக்ட்ரீசியனும் சொன்னார், எங்களுக்குத் தெரிந்த கொத்தனாரும் வந்து பார்த்துச் சொன்னார். குழாய்த் தலைகளையும் அவளே பார்த்து வாங்கினாள். திருகுகிற வகை வேண்டாம், மணிக்கட்டால் தள்ளித் திறக்கிற நீளக் கைப்பிடி வைத்ததுதான் வேண்டும் என்றாள். கடையில் அவள் விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையாலும் மணிக்கட்டாலும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைப்பையன்கள் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு நான்தான் எழுந்து ஸ்விட்சைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் சமையலறைக்கு வந்து, மணிக்கட்டால் கைப்பிடியைத் தள்ளினாள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பு, பிறகு சூடு. பச்சைத் தண்ணீரையும் கொஞ்சம் கலந்துவிட்டு ஒரு பாத்திரத்தை நிரப்பினாள். இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பால் காய்ச்சிக் காப்பி போட்டேன். பத்து நிமிஷம் கழித்து அவள் கைகளை வெளியே எடுத்து, துண்டில் ஒற்றி, வலது கையை மெதுவாக மூடிப் பார்த்தாள். முழுக்க மூடவில்லை. ஆனால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது.

"மடங்குதுங்க" என்றாள். மறுபடி விரித்து, மறுபடி மடக்கினாள். "மணி ஆறேகாலுதான் ஆகுது, மடங்குது பாருங்க."

நோய் போய்விடவில்லை. மாத்திரை ஓடுகிறது, சில நாள் வலி தாங்காமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஆனால் பத்து மணிக்குத் தொடங்குகிற அவள் நாள் இப்போது ஏழரைக்கே தொடங்கிவிடுகிறது. குண்டானையும் ஸ்டவ்வையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டாள். எனக்குத்தான் ஒரு நிமிஷம் என்னவோ போலிருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. சந்துச் சுவருக்கு வெள்ளையடித்தோம். முதல் பூச்சில் கரி திரும்பவும் மேலே ஊறி வந்துவிட்டது. மூன்று பூச்சு ஆயிற்று.

போன மாசம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கம்பம் ரோட்டில் புதிதாக வீடு கட்டிக் குடிபோனார். "கீசர் விஷயமா ஒங்க வீட்டுல அவுகளக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். புதுக் கான்கிரீட் மாடி, நிழலே இல்லாத வெயில். வீட்டில் ஆறு பேர். அவள் மாடியையும் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தையும் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு சோலாருதான் அண்ணே சரி. மழ மாசத்துக்கு மட்டும் அதுக்குள்ளயே ஒரு கரண்டு கம்பி வச்சு வாங்கிக்கங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் உடனே குளியலறையைக் காட்டி, குழாய் எங்கெங்கே வரப் போகிறது என்று விளக்க ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "காலையில இந்த வீட்டுல மொதல்ல தண்ணியில கை வைக்கிறது யாரு?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லத் தெரியாமல், சமையலறை வாசலில் நின்ற தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாந்தான்க்கா. நாலரைக்கு" என்றார்.

என் மனைவி அந்த அம்மாவுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.